ஒரே கட்-ஆஃப், மூன்று விடை

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 2023-இல் மாநில முதலிடம் பெரம்பலூருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு அதே இடம் அரியலூருக்கு. 2025 மே மாதம் வந்த பிளஸ் டூ முடிவிலும் 98.82 சதவீதத் தேர்ச்சியுடன் அரியலூர்தான் முன்னால் நின்றது. மானாவாரி நிலமும் சுண்ணாம்புக்கல் சுரங்கமுமாக, 'பின்தங்கிய பகுதி' என்ற அடைமொழியை நெடுநாள் சுமந்த மண்ணுக்கு இது சாதாரண வெற்றி இல்லை. பிள்ளைகளும் ஆசிரியர்களும் உழைத்து வாங்கியது. அந்த உழைப்பை மதிப்பதாலேயே இந்த இரண்டு மாவட்டங்களிடமும் அடுத்த கேள்வியை உரிமையோடு கேட்கலாம். கணக்கில் தேறிய பிள்ளைக்குக் கணக்கு புரிந்திருக்கிறதா?

முடிவு வந்த அன்று பிற்பகலே வீட்டுக்கு வீடு நடக்கும் காரியம் ஒன்று உண்டு. கட்-ஆஃப் போட்டுப் பார்ப்பார்கள். பொறியியல் கலந்தாய்வுக்கான முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கணித மதிப்பெண் முழுதாக, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி, ஆக மொத்தம் 200-க்கு. கணிதத்தில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 70 வாங்கிய ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். கடை வைத்திருக்கும் அப்பா மேசைக் கால்குலேட்டரில் 90 + 80 + 70 ÷ 2 என்று வரிசையாக அழுத்துகிறார். 120 வருகிறது. அண்ணன் அதையே செல்போனில் அழுத்துகிறான். 205 வருகிறது. மாணவி தாளில் போட்டுப் பார்த்து 165 என்கிறாள்.

மாணவி சொன்னதுதான் சரி. ஆனால் இரண்டு கருவிகளில் எதிலும் பழுதில்லை. கடைக் கால்குலேட்டர் அழுத்திய வரிசையிலேயே வேலை செய்யும். 90-உடன் 80-ஐக் கூட்டி 170, அதோடு 70 சேர்த்து 240, அதை இரண்டால் வகுத்து 120. செல்போன் பள்ளிக்கூட விதிப்படி நடக்கும். முதலில் 70-ஐ இரண்டால் வகுத்து 35 ஆக்கிவிட்டு, பிறகு 90-ஐயும் 80-ஐயும் அதோடு சேர்க்கும். மாணவி நினைத்ததோ வேறு: இயற்பியலையும் வேதியியலையும் சேர்த்து, அந்தக் கூட்டுத்தொகையைப் பாதியாக்க வேண்டும். அதைச் சொல்ல ஒரு ஜோடி அடைப்புக்குறி தேவைப்படுகிறது: 90 + (80 + 70) ÷ 2.

205 என்ற விடை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். 200-க்கு மேல் கட்-ஆஃப் கிடையாது. 120 அப்படி இல்லை. அது நம்பும்படியான எண். அதை நம்பிய குடும்பம், கிடைக்கக்கூடிய கல்லூரியின் பெயரைக்கூட விருப்பப் பட்டியலில் எழுதாமல் விட்டுவிடலாம்.

ஆகவே செல்போனை நம்பு, கடைக் கால்குலேட்டரை நம்பாதே என்று யாராவது முடிவுகட்டினால் அதுவும் தவறு. அரியலூர்ச் சாலைகளில் ஓடும் சுண்ணாம்புக்கல் லாரியின் எடைச்சீட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். லோடு எடை, காலி வண்டி எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என மூன்று எண்கள் இருக்கும். லோடு எடை 28,500 கிலோ, காலி வண்டி 10,500 கிலோ, டன்னுக்கு வாடகை 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 28,500 − 10,500 ÷ 1,000 × 400 என்று மேசைக் கால்குலேட்டரில் அழுத்தினால் 18,000 கிலோ, 18 டன், 7,200 ரூபாய் என்று ஒழுங்காக வந்து நிற்கும். அதே எழுத்தைச் செல்போனில் அடித்தால் அது 10,500-ஐ முதலில் ஆயிரத்தால் வகுத்து, 400-ஆல் பெருக்கி, வந்த 4,200-ஐ 28,500-இல் கழித்து, 24,300 என்று காட்டும். இந்த முறை செல்போன் தவறிவிட்டது. கருவிக்கு என்ன தெரியும், பாவம்! லாரியில் இருக்கும் கல்லை எடை போட வேண்டும் என்று நினைத்தது மனிதர். அந்த நினைப்பை (28,500 − 10,500) என்று எழுதிக் காட்ட வேண்டியவரும் அவரே.

விதி என்னவோ சிறியதுதான். அடைப்புக்குறிக்குள் இருப்பது முதலில். பிறகு அடுக்கு. பிறகு பெருக்கலும் வகுத்தலும், இரண்டும் ஒரே தகுதியில், இடமிருந்து வலமாக. கடைசியில் கூட்டலும் கழித்தலும், அவையும் ஒரே தகுதியில், இடமிருந்து வலமாக. நம் பள்ளிகளில் இதை 'போட்மாஸ்' என்றோ 'பிட்மாஸ்' என்றோ ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு நாளில் ஒப்பித்துவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பெரம்பலூர் கடைவீதியில் மளிகைக் கடைக்காரர் ஒருவர் பில் போடுவதை நின்று கவனித்தால் போட்மாஸ் படிக்காமலே அந்த விதியை ஆள்வது எப்படி என்று தெரியும். சின்ன வெங்காயம் 3 கிலோ, கிலோ 50 ரூபாய். தக்காளி 2 கிலோ, கிலோ 30 ரூபாய். மேசைக் கால்குலேட்டரில் 3 × 50 + 2 × 30 என்று ஒரே மூச்சில் அழுத்தினால் 4,560 வரும். எந்தக் கடைக்காரரும் அப்படி அழுத்துவதில்லை. 3 × 50 முடிந்ததும் 'எம் பிளஸ்' பொத்தானை ஒரு தட்டு. 2 × 30 முடிந்ததும் மறுபடி ஒரு தட்டு. கடைசியில் நினைவகப் பொத்தானை அழுத்த, 210 என்று திரையில் வருகிறது. சிலர் ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் சமக்குறியை அழுத்திவிட்டு 'ஜிடி' பொத்தானில் மொத்தத்தை வாங்குவார்கள். அந்த எம் பிளஸ் பொத்தான்தான் அவருடைய அடைப்புக்குறி. வெங்காயக் கணக்கைத் தனியாக முடித்துக் கட்டி வைத்துவிட்டு, தக்காளிக் கணக்கைத் தனியாக முடித்துவிட்டு, பிறகே இரண்டையும் சேர்க்கிறார். இரண்டு கிலோ தக்காளியை 150 ரூபாய் வெங்காயத்தோடு கூட்ட முடியாது என்பது அவருக்குத் தெரியும். கிலோவையும் ரூபாயையும் கூட்டுகிற மனிதர் கடை நடத்த முடியாது.

பெருக்கலை முதலில் செய்ய வேண்டும் என்பதற்கான காரணம் முழுவதும் இங்கேயே இருக்கிறது. பெருக்கல் ஒரு பொருளைக் கட்டி முடிக்கிறது. கூட்டல், கட்டி முடித்தவற்றை அருகருகே வைக்கிறது. இந்த இரண்டு வரிகளை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்க வைத்துவிட்டால், ஆங்கில எழுத்துகளை உருப்போட வேண்டிய தேவை பாதி குறைந்துவிடும்.

இந்த வரிசை நமக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்த புதுச் சரக்கும் இல்லை. 'மூவாயிரத்து நானூற்று ஐம்பத்தாறு' என்று ஒரு குழந்தை சொல்லும்போது என்ன செய்கிறது? மூன்றை ஆயிரத்தால் பெருக்குகிறது, நான்கை நூறால், ஐந்தைப் பத்தால்; பிறகு எல்லாவற்றையும் ஆறோடு கூட்டுகிறது. 3 × 1000 + 4 × 100 + 5 × 10 + 6. எண்ணைச் சரியாகச் சொல்லத் தெரிந்த குழந்தை, பெருக்கலுக்கே முதலிடம் என்ற விதியையும் வாய்மொழியாகக் கற்றுவிட்டது.

அதைக் கண்ணாலும் பார்க்கலாம். பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு: ௰, ௱, ௲. ௨௰ என்று எழுதினால் இருபது; குறிக்கு முன்னால் நிற்கும் இலக்கம் அதைப் பெருக்குகிறது. ௰௨ என்று எழுதினால் பன்னிரண்டு. பின்னால் நிற்கும் இலக்கம் கூடுகிறது. ௩௱௪௰௫ என்றால் முந்நூற்று நாற்பத்தைந்து. இடையில் பெருக்கல் குறியும் கிடையாது, கூட்டல் குறியும் கிடையாது. எது எங்கே நிற்கிறது என்பதே என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறது. அரியலூர் மாவட்டத்துப் பிள்ளைகள் சுற்றுலா போகும் கங்கைகொண்ட சோழபுரம், முதலாம் இராசேந்திரன் 11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பிய தலைநகரம். சோழர் காலத்து நெல் கணக்கில் கலம், தூணி, பதக்கு, குறுணி, நாழி என்று அளவுகள் அடுக்காக வரும். ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி, ஒரு குறுணிக்கு எட்டு நாழி. மூன்று கலம் இரண்டு குறுணி ஐந்து நாழி நெல் என்றால் எத்தனை நாழி? 3 × 96 + 2 × 8 + 5. அதாவது 309. இதில் எந்தக் கூட்டலையும் பெருக்கலுக்கு முன்னால் செய்ய யாருக்கும் தோன்றாது, ஏனென்றால் கலம் வேறு, குறுணி வேறு என்று கண்ணுக்குத் தெரிகிறது. வெறும் எண்ணாக எழுதும்போதுதான் அந்தக் கண் மறைந்துபோகிறது.

காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை அறுக்காமலே சுளையைக் கணக்கிட ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். பழத்துக்குப் பழம் அது பொருந்துமா என்பது தோட்டக்காரர்கள் சோதித்துப் பார்க்க வேண்டியது. இங்கே கவனிக்க வேண்டியது சொல்லும் முறை. எண்ணி, பெருக்கி, வகுத்து என்று வினையெச்சம் ஒன்றன்பின் ஒன்றாகக் கைபிடித்து நடத்துகிறது. வாசகங்களாகச் சொன்ன காலத்தில் வரிசைச் சண்டைக்கே இடம் இல்லை. சண்டை, குறிகள் வந்த பிறகு வந்தது.

அந்தக் குறிகளும் அப்படியொன்றும் பழமையானவை இல்லை. கூட்டல், கழித்தல் குறிகள் அச்சில் வந்தது 1489-இல், ஜெர்மனியில். சமக்குறி 1557-இல், ராபர்ட் ரெக்கார்டின் புத்தகத்தில். பெருக்கல் குறி 1631-இல் வில்லியம் ஆட்ரெட் தந்தது. கோட்டுக்கு மேலும் கீழும் புள்ளி வைத்த ÷ என்ற குறியை வகுத்தலுக்கு யோஹான் ரான் பயன்படுத்தியது 1659-இல். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் எழுந்து அறுநூறு ஆண்டுகள் கழித்து வந்த குறி அது. குறிகள் பெருகப் பெருக, எதை முதலில் செய்வது என்று அவற்றைப் பயன்படுத்தியவர்கள் தங்களுக்குள் பேசாமலே ஒரு வழக்கத்துக்கு வந்தார்கள். அதிலும் முழு உடன்பாடு ஏற்படவில்லை. கணிதக் குறிகளின் வரலாற்றை இரண்டு தொகுதிகளாக எழுதிய ஃப்ளோரியன் கஜோரி, பெருக்கலும் வகுத்தலும் ஒரே வரியில் வந்தால் எதை முதலில் செய்வது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை என்று 1928-இல் பதிவு செய்திருக்கிறார். நூறு ஆண்டுகூட ஆகவில்லை.

அந்தப் பழைய வழக்கு இன்றைக்கும் முடியவில்லை என்பதற்கு வாட்ஸ்அப் குழுக்களே சாட்சி. 6 ÷ 2(1 + 2) எவ்வளவு? ஒன்பதா, ஒன்றா? 2019-இல் 8 ÷ 2(2 + 2) என்ற இன்னொரு வடிவம் உலகம் முழுக்கச் சுற்றியது. பதினாறா, ஒன்றா என்று படித்தவர்களே மோதிக்கொண்டார்கள். நியூயார்க் டைம்ஸ் இதழில் கணிதப் பேராசிரியர் ஸ்டீவன் ஸ்ட்ரோகட்ஸ் இதற்கென்றே கட்டுரை எழுதினார். நம்மூர்ப் பள்ளி முன்னாள் மாணவர் குழுக்களிலும் இது ஆண்டுக்கொரு முறை தவறாமல் வந்துவிடும். "போட்மாஸ் தெரியாதா?" என்று ஒருவர் தொடங்குவார், இரவு வரை ஓயாது.

இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இடமிருந்து வலம் போனால் 6 ÷ 2 = 3, மூன்றை (1 + 2)-ஆல் பெருக்க ஒன்பது. ஆனால் 2(1 + 2) என்று குறி இல்லாமல் ஒட்டி எழுதினால் அது ஒரே கட்டு என்று கொள்ளும் வழக்கமும் நெடுநாளாக உண்டு. இயற்கணிதத்தில் 1/2x என்று கண்டால் இரண்டையும் எக்ஸையும் சேர்த்தே கீழே வைத்துப் படிப்பவர்கள் ஏராளம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-82 கால்குலேட்டர் ஒட்டி எழுதிய பெருக்கலுக்கு முதலிடம் கொடுத்தது. அடுத்து வந்த டிஐ-83 அதைக் கொடுக்கவில்லை. ஒரே நிறுவனம், அடுத்தடுத்த எண், இரண்டு விடை. இயற்பியல் ஆய்விதழான 'பிசிக்கல் ரிவ்யூ' சாய்கோட்டு வகுத்தலுக்கு முன் பெருக்கலைச் செய்ய வேண்டும் என்று கட்டுரையாளர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறது. சர்வதேசத் தர நிர்ணய அமைப்போ ÷ குறியையே வகுத்தலுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது.

ஆகவே அந்தப் புதிருக்குச் சரியான பதில், "கேட்டவர் சரியாக எழுதவில்லை" என்பதுதான். (6 ÷ 2) × (1 + 2) என்று எழுதியிருந்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் ஒன்பது என்றிருக்கும். 6 ÷ (2 × (1 + 2)) என்று எழுதியிருந்தால் ஒன்று என்றிருக்கும். படிப்பவரைத் தடுமாற வைப்பதற்காகவே எழுதப்பட்ட வரியை வைத்துக்கொண்டு ஒருவரின் அறிவை அளப்பது நியாயம் இல்லை. வருத்தம் என்னவென்றால், நம் தேர்வுகளிலும் பயிற்சிப் புத்தகங்களிலும் இதன் உறவினர்கள் நிறைய உலவுகிறார்கள்.

'சுருக்குக' என்ற தலைப்பைத் திறந்தால் தெரியும். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 25 திறனறிவும் மனக்கணக்கும். அதற்கான பாடத்திட்டத்தில் முன்வரிசையில் இருப்பது சுருக்குதல். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வு, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு மாதம் ஆயிரம் ரூபாயைப் பெற்றுத் தரும். அதன் மனத்திறன் பகுதிக்குத் தயாராகும் பிள்ளைகள் 'கூட்டல் குறி பெருக்கலைக் குறித்தால், கழித்தல் குறி வகுத்தலைக் குறித்தால்' என்று குறிகளை மாற்றிப் போட்ட கணக்குகளை நிறையப் போட்டுப் பழகுகிறார்கள். அந்த வகைக் கேள்வி உண்மையிலேயே நல்லது. குறி என்பது மனிதர்கள் வைத்த அடையாளம், அதை மாற்றினால் வேலையின் வரிசையும் மாறும் என்பதைப் பிள்ளை அங்கே கையால் தொட்டு உணர்கிறது. வெறுமனே பதினைந்து எண்களையும் மூன்று வகை அடைப்புக்குறிகளையும் ஒரே வரியில் அடுக்கிவிட்டு 'சுருக்குக' என்பதில் அந்தப் பயன் இல்லை. எந்தக் கடையிலும், எந்தக் களத்திலும், எந்த அலுவலகத்திலும் அப்படி ஒரு வரி பிறப்பதில்லை.

எழுத்து மனப்பாடம் தரும் தவறுகள் வகுப்பறையில் வெளிப்படையாகவே தெரிகின்றன. 10 − 4 + 3 எவ்வளவு? போட்மாஸில் கூட்டலின் எழுத்து கழித்தலுக்கு முன்னால் வருவதால், முதலில் 4 + 3 = 7, பிறகு 10 − 7 = 3 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. சரியான விடை 9. கையில் பத்து ரூபாய், நான்கு செலவு, பிறகு மூன்று வரவு என்று சொல்லிப் பாருங்கள். அதே பிள்ளை தயங்காமல் ஒன்பது என்னும். பணம் தெரிகிற பிள்ளையை எழுத்து குழப்பிவிடுகிறது. இன்னொன்று, 'இல்' என்ற உருபால் வரும் பங்கு. 12 ÷ 6-இல் பாதி என்றால் நம் பாடமுறையில் பாதியை முதலில் எடுத்து 12 ÷ 3 = 4. அதே இடத்தில் பெருக்கல் குறி போட்டு 12 ÷ ½ × 6 என்று எழுதினால் 144. இரண்டும் ஒன்றுதானே என்று எண்ணித் தடுக்கி விழும் பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. அங்கே ஓர் அடைப்புக்குறி போட ஆசிரியருக்கு ஒரு நொடி போதும்.

அடைப்புக்குறி எங்கே விழுகிறது என்பது காசு விஷயமும்கூட. சிமெண்ட் ஆலைகள் சூழ்ந்த அரியலூரில் ஒரு மூட்டை சிமெண்டின் பில்லையே எடுத்துக்கொள்ளலாம். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. மூட்டை 350 ரூபாய், கடைக்காரர் 20 ரூபாய் தள்ளுபடி தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தள்ளுபடியைக் கழித்த பிறகு வரி போட்டால் (350 − 20) × 1.18, அதாவது 389 ரூபாய் 40 காசு. வரியைப் போட்ட பிறகு தள்ளுபடி கழித்தால் 350 × 1.18 − 20, அதாவது 393 ரூபாய். மூட்டைக்கு 3 ரூபாய் 60 காசு வித்தியாசம். 200 மூட்டைக்கு 720 ரூபாய். எது முறை? விற்கும்போதே கொடுத்து பில்லிலும் எழுதிய தள்ளுபடியைக் கழித்த மதிப்பின் மீதே வரி என்கிறது 2017-ஆம் ஆண்டு ஜிஎஸ்டி சட்டத்தின் 15-ஆவது பிரிவு. அந்த அடைப்புக்குறியைச் சட்டமே போட்டுவைத்திருக்கிறது. வீடு கட்டும் ஒருவர் இதைப் படித்துப் புரிந்துகொள்ள பட்டயக் கணக்காளராக இருக்க வேண்டியதில்லை. ஆறாம் வகுப்புக் கணக்கு சரியாகப் புரிந்திருந்தால் போதும்.

அலுவலகங்களில் எக்செல் பயன்படுத்துவோர் ஒன்றை நினைவில் வைப்பது நல்லது. −2² என்பதற்குப் பாடப்புத்தகத்தின் விடை −4. எக்செல்லில் =-2^2 என்று அடித்தால் 4 வரும்; அது கழித்தல் குறியை எண்ணோடு முதலில் ஒட்டிவிடுகிறது. கணிதமும் கணினியும் வெவ்வேறு உடன்பாட்டில் நிற்கும் இடம் இது.

விதியை மட்டும் அறிந்தால் போதாது என்பதற்கு ஒரு சான்று உண்டு. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1911-இல் இந்தியக் கணிதவியல் கழகத்தின் இதழில் ஒரு கேள்வி கேட்டார். ஒரு வர்க்கமூலம். அதற்குள் ஒன்றுடன், இரண்டு மடங்கு வர்க்கமூலம். அதற்குள் ஒன்றுடன், மூன்று மடங்கு வர்க்கமூலம். அதற்குள் ஒன்றுடன், நான்கு மடங்கு என்று முடிவே இல்லாமல் உள்ளே உள்ளே போகும் கோவை. இதன் மதிப்பு என்ன? 'உள் அடைப்பை முதலில் செய்' என்ற விதியை மட்டும் வைத்திருப்பவரால் இதைத் தொடங்கவே முடியாது. உள்ளே கடைசி அடைப்பு என்று ஒன்று இல்லை. மாதங்கள் போயும் வாசகர்களிடமிருந்து பதில் வரவில்லை. ராமானுஜன் விடையின் பக்கத்திலிருந்து வந்தார். 3 என்பது 9-இன் வர்க்கமூலம். 9 என்பது 1 + 2 × 4. அந்த 4 என்பது 16-இன் வர்க்கமூலம். 16 என்பது 1 + 3 × 5. அந்த 5, 25-இன் வர்க்கமூலம். 25 என்பது 1 + 4 × 6. இப்படியே உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். விடை, மூன்று. வர்க்கமூலம், பெருக்கல், கூட்டல் என்ற அடுக்கு எப்படிக் கட்டப்பட்டது என்று அறிந்தவரால் அதை வெளியிலிருந்து உள்ளே கட்டவும் முடிந்தது. ஒரு பத்தாம் வகுப்பு மாணவரால் இந்த வரிகளைத் தொடர்ந்து போய்ப் புரிந்துகொள்ள முடியும். வகுப்பறையில் ஒரு முறையாவது இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டாமல் விடுவது பெரிய இழப்பு.

கற்பிக்கும் முறையை மாற்றுவது கடினமும் இல்லை. 2025-இல் என்சிஇஆர்டி வெளியிட்ட ஏழாம் வகுப்பு 'கணித பிரகாஷ்' புத்தகம் கோவையை உறுப்புகளாகப் பிரித்துப் பார்க்கும் வழியைக் கற்றுத்தருகிறது. 30 + 5 × 4 என்பதில் இரண்டு உறுப்புகள். ஒன்று 30, மற்றது 5 × 4. ஒவ்வோர் உறுப்பையும் முடித்துவிட்டுக் கூட்டு. மளிகைக் கடைக்காரரின் எம் பிளஸ் வேலைதான் இது. நம் மாநிலப் பாடநூலும் அன்றாட வாழ்க்கைக் கணக்குகளுக்கு இடம் தருகிறது. ஆனால் தேர்வு நெருங்க நெருங்க, கதையிலிருந்து கோவையை உருவாக்கும் கணக்கு ஒதுங்கி, கொடுத்த கோவைக்கு விடை காணும் கணக்கு மட்டும் மிஞ்சுகிறது. கடினமான பாதி முதலாவதுதான். எடைச்சீட்டைப் பார்த்து (28,500 − 10,500) ÷ 1,000 × 400 என்று எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அதன் விடையைக் கருவி சொல்லிவிடும். எழுதத் தெரியாத பிள்ளைக்கு எந்தக் கருவியும் உதவாது.

கேள்வித்தாள் தயாரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐந்து மதிப்பெண் சுருக்குதலுக்குப் பதிலாக ஒரு பில், ஒரு வீட்டு வரைபடம், ஒரு கட்-ஆஃப் கொடுங்கள். 12-க்கு 10 அடியில் ஓர் அறை, அதை ஒட்டி 6-க்கு 4 அடியில் ஒரு வராண்டா, தரைக்கு எத்தனை சதுர அடி டைல்ஸ் வேண்டும் என்று கேளுங்கள். கோவையை எழுதியதற்குத் தனி மதிப்பெண் போடுங்கள். மேசைக் கால்குலேட்டரில் 12 × 10 + 6 × 4 என்று அழுத்தினால் 504 வரும், தேவையோ 144 சதுர அடி. ஏன் இப்படி வருகிறது என்று விளக்கச் சொல்லுங்கள். அந்த விளக்கத்தில் பிள்ளை புரிந்துகொண்டதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

ஆசிரியர்கள் ஒரு மேசைக் கால்குலேட்டரையும் ஒரு செல்போனையும் வகுப்புக்குக் கொண்டுவந்து, ஒரே வரியை இரண்டிலும் அழுத்திக் காட்டட்டும். அரியலூர்ப் பள்ளிக்கு எடைச்சீட்டு கிடைப்பதும் பெரம்பலூர்ப் பள்ளிக்கு வெங்காய பில் கிடைப்பதும் அரிது இல்லை. பிள்ளைகளின் வீட்டிலேயே இருக்கும். பெற்றோருக்கும் வேலை உண்டு. ஜூனில் பள்ளி திறந்து, பிள்ளை கணக்கு நோட்டை விரித்து வைத்திருக்கும்போது, விடை சரியா என்று பார்ப்பதற்கு முன்னால், "இந்த இடத்தில் ஏன் அடைப்புக்குறி போட்டாய்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.